காலேஜ் ஸ்டேஷனில் ஃபுட்பால் சனிக்கிழமை: அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

நெல்லைப்பயல் | வியாழன், இரவு 9.40

வணக்கம் மக்களே. காலேஜ் ஸ்டேஷன் ஊர்ல இருக்கிற டெக்சஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டில சிவில் எம்.எஸ். சேந்திருக்கேன், இது முதல் செமஸ்டர். அப்பாவும் அம்மாவும் அடுத்த மாசம் வாராங்க. அவங்க இருக்கும்போது ஒரு ஹோம் கேம் வருது. லேப்ல இருக்கிறவனெல்லாம் "கண்டிப்பா கூட்டிட்டு வா, இதைப் பாக்காம ஊருக்கு அனுப்பாதே"ன்னு ஒரே பிடியா நிக்கான்.

எனக்கு ரெண்டு குழப்பம். அப்பாவுக்கு முட்டி வலி. ஸ்டூடண்ட்ஸ் பக்கம் யாரும் உக்கார மாட்டாங்க, ஆட்டம் முடியுற வரைக்கும் நின்னுட்டேதான் இருக்கணும்னு சொல்லுதாங்க. நிசமா? ரெண்டாவது, ரூல்ஸ் எனக்கே அரைகுறை. அவங்களுக்கு என்னத்தச் சொல்லி விளங்க வைக்க? ஊர்ல ஃபுட்பால்னா காலால உதைப்பான், இங்க கக்கத்துல இடுக்கிட்டு ஓடுறான்.

பிரசோஸ்வாசி | வியாழன், இரவு 10.25

தம்பி, நிக்கணும்ங்கிறது நிசம்தான். உட்கார்ந்தா யாரும் வந்து எழுப்ப மாட்டாங்க. ஆனா முன்னாடி நிக்கிற ஆறடிப் பையனோட முதுகைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. அந்தக் கிழக்குப் பக்கத்துல சீட்டு இருக்கிறது பேருக்குத்தான்.

ஏன் நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா அப்பாகிட்டச் சொல்லலாம், நல்ல கதை. 1922 ஜனவரி 2, டல்லஸ்ல டிக்ஸி கிளாசிக்னு ஒரு போட்டி. எதிரே கென்டக்கியிலேருந்து வந்த சென்டர் காலேஜ். இன்னிக்கு அந்தப் பேரை யாருக்கும் தெரியாது. அன்னிக்கு அவங்க பெரிய கை, சில மாசம் முன்னாடிதான் ஹார்வர்டையே 6-0ன்னு சாய்ச்சிருந்தாங்க. ஏ அண்ட் எம் கோச் டேனா பைபிள். ஆட்டம் போகப்போக நம்ம பசங்க அடிபட்டு ஒவ்வொருத்தரா வெளியே வர, மாத்தி இறக்க ஆள் இல்லை. கிங் கில்னு ஒரு மாணவர், ஃபுட்பால் டீமை விட்டு பாஸ்கட்பாலுக்குப் போனவர். அன்னிக்கு மேல பத்திரிகைக்காரங்க பக்கத்துல உட்கார்ந்து, களத்துல யார் யாருன்னு அடையாளம் சொல்லிட்டு இருந்தார். கோச் கூப்பிட்டதும் கீழே இறங்கி வந்து, ஸ்டாண்டுக்கு அடியில அடிபட்ட ஒருத்தரோட உடுப்பை வாங்கி மாட்டிக்கிட்டு ஓரத்துல வந்து நின்னார். கடைசிவரைக்கும் இறங்குற தேவையே வரலை. ஏ அண்ட் எம் 22-14ல ஜெயிச்சது. ஆனா விசில் ஊதுறப்பவும் அந்த மனுஷன் நின்னுட்டுதான் இருந்தார்.

பதினொரு பேர் ஆடுவாங்க, இவர் பன்னிரண்டாவது ஆள். கூப்பிட்டா இறங்க நானும் தயார்னு காட்டத்தான் இப்ப மாணவர் கூட்டம் மொத்தமும் நிக்குது. கில் பின்னால டாக்டரானார். அவர் சிலை நம்ம ஸ்டேடியம் கைல் ஃபீல்டுக்கு வெளியே இருக்கு, அது பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கச் சொல்லு.

அப்பாவுக்கு மேற்குப் பக்கம் டிக்கெட் பாரு. பழைய மாணவர்கள் உட்கார்ற பக்கம், பாதிப் பேருக்கு உன் அப்பாவை விட முட்டி மோசம்.

ஆஸ்டின்பக்கம் | வியாழன், இரவு 11.02

அண்ணே, கதை நல்லாத்தான் இருக்கு, மிச்சத்தையும் சொல்லுங்க. பன்னிரண்டாவது ஆள்ங்கிற பேச்சு மினசோட்டாவுல 1900லயே அச்சுல வந்திருக்கு, அயோவாவுல 1912ல. கில் கதை உங்க ஊர்லயே பெருசா பரவுனது 1939ல ரேடியோ நாடகமாப் போட்டப்புறம்தான். 1990ல அதை ட்ரேட்மார்க் வேற பண்ணி வெச்சுக்கிட்டாங்க. 2006ல சியாட்டில் சீஹாக்ஸ்ங்கிற புரொஃபெஷனல் டீம் மேல கேஸ், அப்புறம் அதே மாதிரி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் மேல கேஸ். விசுவாசத்துக்கே ட்ரேட்மார்க் வாங்குன ஆளுங்கய்யா நீங்க.

இப்படிக்கு, எதிர்முகாம் (ஆஸ்டின் டெக்சஸ் பல்கலைக்கழகம், ஆரஞ்சு சட்டை).

மதுரைமல்லி | வியாழன், இரவு 11.10

வந்துட்டாருய்யா டீ சிப் (டெக்சஸ் பல்கலைக்கழகக்காரங்களுக்கு நம்ம பக்கம் வெச்ச கிண்டல் பேரு). இன்னும் தூங்கலையா சார்?

பிரசோஸ்வாசி | வியாழன், இரவு 11.48

ஆஸ்டின் சார், ட்ரேட்மார்க் விஷயத்துல வக்கீல்கள் ஜாஸ்தி வேலை பாத்துட்டாங்கன்னு நானும் சொல்வேன். யாரோ எங்கேயோ அந்தப் பேச்சை முன்னாடி எழுதியிருக்கலாம். ஆனா அதை வெச்சு இங்கே செஞ்சதைப் பாருங்க. 1983ல கோச் ஜாக்கி ஷெரில் ஒரு காரியம் பண்ணினார். ஹோம் கேம்ல பந்தை உதைச்சு ஆட்டத்தைத் தொடங்குற கிக்ஆஃப் அணியில, உதைக்கிறவரைத் தவிர மத்தவங்க எல்லாரும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லாத சாதாரண மாணவர்கள். அறிவிப்பு குடுத்து, வந்தவங்களைத் தேர்வு வெச்சு எடுத்தார். திங்கக்கிழமை உங்க பக்கத்து பெஞ்ச்ல கால்குலஸ் படிச்சவன் சனிக்கிழமை பல்லாயிரம் பேர் முன்னாடி தலைதெறிக்க ஓடி எதிராளி மேல மோதுவான். பின்னால வந்த கோச் ஸ்லோகம் காலத்துல அது ஒரே ஆளாச் சுருங்கிடுச்சு. இப்பவும் ஸ்காலர்ஷிப் இல்லாம அணிக்குள்ள வந்த ஒருத்தருக்குத்தான் 12ஆம் நம்பர் ஜெர்சி. ட்ரேட்மார்க் கிடக்கட்டும், அந்த ஜெர்சிதான் எனக்குக் கணக்கு.

கோவைமீனா | வெள்ளி, காலை 7.15

நெல்லைத் தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. டிக்கெட்டுக்கு காசைக் கொட்டறதுக்கு முன்னாடி, டிக்கெட் இல்லாமயே பாதித் திருவிழாவைப் பாத்துப்போடலாம்னு தெரிஞ்சுக்கோங்க. எங்க பொண்ணு இந்த வருசம் ஆகி பேண்டுல (ஏ அண்ட் எம்காரங்களை 'ஆகி'னுதான் சொல்லுவாங்க) சேர்ந்திருக்கறா, அதனால சனிக்கிழமை ஆனா நாங்க கார் ஓட்டீட்டு வந்துடறோம்.

ஆட்டத்துக்கு ஒண்ணரை ரெண்டு மணி நேரம் முன்னாடியே கேடட் பசங்க (மிலிட்டரிப் பயிற்சி எடுக்கற மாணவருங்க) விடுதிப் பக்கம் குவாடுங்கற இடத்துல போய் நின்னுக்கோங்க. அங்கிருந்துதான் பேண்டும் மொத்த கேடட் கோரும் அணிவகுத்து ஸ்டேடியத்துக்கு நடக்கும். வழி நெடுக ரெண்டு பக்கமும் சனம். தேரோட்டத்துக்கு வீதியில இடம் பிடிக்கற மாதிரி தாத்தா பாட்டியெல்லாம் மடக்கு நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. உங்கப்பாவுக்கு அதைவிட என்ன வேணும்?

பேண்டு 1894ல ஆரம்பிச்சது. முந்நூறு நானூறு பேர், எல்லாமே மிலிட்டரி உடுப்பு. மத்த காலேஜ் பேண்டு மாதிரி டான்ஸ் கிடையாது, கொடி சுழட்டறது கிடையாது. மார்ச் பாட்டு, நேர்க்கோடு, அவ்வளவுதான். ஹாஃப் டைம்ல நாலு பக்கமிருந்தும் வரிசை வந்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து வெளிய வருதுங்க, இடிக்கறதே இல்லை. இதைக் கம்ப்யூட்டர்ல போட்டா 'ஆகாது, ரெண்டு பேர் ஒரே இடத்துல நிக்கோணும்'னு சொல்லுமாம். பசங்க கட்டி விட்ட கதையாத்தான் இருக்கும், ஆனா பாக்கறப்ப நம்பத் தோணுது. பொம்பளைப் பிள்ளைகளை பேண்டுல சேத்ததே 1985லதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு.

முதல் வருசப் பிள்ளைகளை 'ஃபிஷ்'னுதான் கூப்பிடுவாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி வீடியோ கால்ல வந்தாள்னா, பழைய சாக்ஸைக் கையில மாட்டீட்டு பெல்ட் பக்கிளைத் தேச்சுக்கிட்டே பேசுவா. "அம்மா, லைட்டுல பிடிச்சுப் பாக்கறப்ப ஒரு கீறல் தெரியுது"ன்னு மறுபடி முதல்ல இருந்து. வீட்ல ஒரு டம்ளர் கழுவி வெச்சதில்லீங்க. முழங்கால் வரைக்கும் வர்ற பழுப்புத் தோல் பூட்ஸ் இருக்கே, அது கடைசி வருசக்காரங்களுக்கு மட்டும். இப்பவே அதுக்குக் காசு சேக்கச் சொல்லி என்கிட்டச் சொல்லி வெச்சுட்டா.

நெல்லைப்பயல் | வெள்ளி, காலை 9.30

மீனாக்கா, ரொம்ப நன்றி. இது தெரியாமப் போச்சே. சரி, மிட்நைட் யெல்னு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒண்ணு இருக்காமே, அதுவும் ஓசிதானாம். அதுக்குக் கூட்டிட்டுப் போலாம்லா?

மதுரைமல்லி | வெள்ளி, காலை 10.05

😂😂 தம்பி, உட்கார்ந்துக்க. சொல்றேன்.

ஹோம் கேமுக்கு முந்தின ராத்திரி சரியா 12 மணிக்கு கைல் ஃபீல்டுக்குள்ள கூடுவாங்க. 1930களோட ஆரம்பத்துல பசங்க சில பேர் ராத்திரி கூடிக் கத்துனதுல ஆரம்பிச்சது. ஆயிரக்கணக்குல வரும் கூட்டம், பெரிய எதிரின்னா பல்லாயிரம். நடத்துறது அஞ்சு யெல் லீடர்ஸ், வெள்ளை உடுப்பு, மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவங்க. மூணு பேர் சீனியர், ரெண்டு பேர் ஜூனியர். நம்ம டிவில பாக்குற சியர்லீடர் சமாச்சாரம் ஃபுட்பாலுக்கு இங்க கிடையாது. யெல் லீடர் கையை ஒரு தினுசாக் காட்டுவார். கீழ் வரிசைல இருக்கிறவன் அதே சைகையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிப்பான், பின் வரிசை அதைப் பாத்துப் பிடிக்கும், அப்படியே மூணாவது மாடி உச்சி வரைக்கும் ஏறிப் போகும். சத்தமே இல்லாம ஸ்டேடியம் முழுக்கச் சேதி போயிடும். அப்புறம் எல்லாரும் ஒரேயடியாக் குனிஞ்சு, ரெண்டு கையையும் முட்டிக்கு மேல ஊனிக்கிட்டு அடிவயித்துல இருந்து கத்துவாங்க. குனிஞ்சாத்தான் தொண்டை திறக்குமாம்.

நடுநடுவுல எதிரணியைக் கிண்டல் பண்ணிக் கதை சொல்வாங்க. கதைன்னா படு மொக்கையா இருக்கும், சொல்லிட்டேன்.

கடைசில லைட்டை அணைப்பாங்க. அணைச்சதும் ஜோடியா வந்தவங்க முத்தம் குடுத்துக்கணும். ஜோடி இல்லாதவங்க லைட்டரைப் பொருத்தி மேல தூக்கிக் காட்டுவாங்க, இப்பல்லாம் போன் வெளிச்சம். நான் தனியா இருக்கேன்னு அர்த்தம்.

இப்ப சொல்லு, பாளையங்கோட்டை அப்பா நடுவுல, நீ ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், லைட் அணையுது…

நெல்லைப்பயல் | வெள்ளி, காலை 10.12

ஏயம்மா. வேண்டாம்.

மதுரைமல்லி | வெள்ளி, காலை 10.15

அவசரப்படாத. ஆட்டத்துலயும் உண்டு. ஏ அண்ட் எம் டச்டவுன் போட்டா ஸ்டாண்ட்ல ஜோடிகள் முத்தம் குடுத்துக்குவாங்க. மேற்குப் பக்கம் எழுபது வயசுத் தாத்தா பாட்டியும் குடுப்பாங்க, அது அழகு. உங்கப்பாகிட்ட "ஸ்கோர் போர்டைப் பாருங்கப்பா"ன்னு கையைக் காட்டிடு.

கோவைமீனா | வெள்ளி, காலை 10.40

எங்க வீட்டுக்காரருக்கு முதல் ஆட்டத்துல இதை யாரும் சொல்லித் தரலைங்க. பக்கத்துல இருந்த அம்மா "நீங்களும் குடுங்க"ன்னு என்னையே தள்ளி விட்டாங்க. அதுக்கு மேல இங்க எழுத மாட்டேன்.

ஓரத்துவிளையாட்டு | வெள்ளி, மதியம் 12.20

ரூல்ஸ் யாருமே சொல்லலையே. சுருக்கமா: 15 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர், ஆனா கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுறதால மொத்தம் மூணரை மணி நேரம் ஆகும். பந்து கையில இருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு, அதுக்குள்ள 10 கெஜம் முன்னேறணும். முன்னேறிட்டா மறுபடி நாலு. கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டு போனா 6 புள்ளி (அதான் டச்டவுன்), அப்புறம் உதைச்சு ஒண்ணு கூடுதல் எடுக்கலாம், இல்ல ரெண்டுக்கு முயற்சி பண்ணலாம். தூரத்துலேருந்து கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 3. அப்பாவுக்கு இது போதும். பெனால்டி எதுக்குக் குடுக்கிறாங்கன்னு பக்கத்து சீட்டுக்காரனுக்கே தெரியாது.

ஆஸ்டின்பக்கம் | வெள்ளி, மாலை 5.30

அம்மாவுக்கு நாயைக் காட்டுங்க. எதிர்முகாம்ல இருந்தாலும் அது எனக்குப் பிடிக்கும்.

பிரசோஸ்வாசி | வெள்ளி, மாலை 6.10

ரெவலியைச் சொல்றார். கேடட் கோர்லயே மேலான பதவி அந்த நாய்க்குத்தான், அஞ்சு வைரச் சின்னம். முதல் ரெவலி 1931ல வந்தது. பக்கத்து ஊர் நவசோட்டாவுலேருந்து ராத்திரி திரும்பின பசங்க கார்ல ஒரு தெருநாய் அடிபட, திருட்டுத்தனமா விடுதிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. காலையில எழுப்புற பியூகிள் ஊதினதும் அது குரைச்சதாம். அந்த பியூகிள் ஊதலுக்கு என்ன பேரோ அதுவே நாய்க்கும் பேராச்சு. 1944ல செத்தப்ப ராணுவ மரியாதையோட கைல் ஃபீல்ட்லயே அடக்கம் பண்ணினாங்க. இப்ப இருக்கிறது கோலி ஜாதி, 1960கள்லேருந்து அந்த ஜாதிதான். ஒரு கம்பெனி கேடட்கள்தான் வளர்க்கிறாங்க. பொறுப்பாளர் கட்டில்ல ரெவலி ஏறிப் படுத்துட்டா அவர் தரையில படுக்கணும். கிளாஸ்ல குரைச்சா கிளாஸ் விட்டுடணும்னு ஒரு நம்பிக்கை. நான் எத்தனையோ லெக்சர்ல வேண்டியிருக்கேன், நடக்கலை.

ஸ்டேடியத்தின் வடக்கு முனைக்கு வெளியே ரெவலிகளோட கல்லறை. முன்னாடி அங்கிருந்து ஸ்கோர் போர்டு தெரியும். ஸ்டேடியத்தை விரிவாக்கிக் கட்டினப்ப மறைஞ்சுபோச்சு. அதனால கல்லறைக்கு நேரா வெளியே தனியா ஒரு சின்ன ஸ்கோர் போர்டு வெச்சிருக்காங்க. செத்த நாய்கள் ஸ்கோர் பாக்க. சிரிப்பா இருக்கா? எனக்கும் ஆரம்பத்துல இருந்துச்சு. இப்ப அது இல்லாத கைல் ஃபீல்டை நினைச்சுப் பார்க்க முடியலை.

சந்தேகி | வெள்ளி, இரவு 8.45

எல்லாம் சரி. ஒரு லட்சத்துக்கு மேல ஆள் உட்கார்ற ஸ்டேடியம், அதைக் கட்டி எடுக்க ஐம்பது கோடி டாலர் அளவுக்குச் செலவு. நாய்க்குக் கல்லறை, நாய்க்கு ஸ்கோர் போர்டு. படிக்கப் போன இடத்துல இவ்வளவு சடங்கு எதுக்கு? இதுல கடைசியா நாட்டுச் சாம்பியன் ஆனது 1939. 2022ல நாட்டுல ஆறாவது ரேங்க்ல இருந்துக்கிட்டு ஆப்பலாச்சியன் ஸ்டேட்னு ஒரு சின்ன டீம் கிட்ட சொந்த மைதானத்துலயே 17-14ன்னு தோத்தாங்க. சடங்கு ஜாஸ்தி, சரக்கு கம்மி.

மதுரைமல்லி | வெள்ளி, இரவு 9.00

ஆகிகள் தோக்கவே மாட்டாங்க சார், சில சமயம் நேரம் தீந்து போயிடும். 😌

பிரசோஸ்வாசி | வெள்ளி, இரவு 9.50

சந்தேகி, பணம் பத்தி நீங்க சொல்றதுல எனக்கும் வருத்தம் உண்டு. ஆனா சடங்கு வெற்றிக்காக இருந்திருந்தா எப்பவோ செத்திருக்கும். ஜெயிச்சா முதல் வருஷ கேடட்கள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடிச்சு, குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போய் ஃபிஷ் பாண்ட் தண்ணியில போடுவாங்க. தோத்தா, எழுந்து போகாம அங்கேயே நின்னு அடுத்த வார ஆட்டத்துக்கு யெல் பழகுவாங்க. தோத்த ராத்திரியில அதைப் பாருங்க. அரை ஸ்டேடியம் காலி, எதிரணி ரசிகர்கள் கேலி பண்ணிட்டுப் போறாங்க, இவங்க குனிஞ்சு கத்திட்டு இருக்காங்க. எனக்கு ஜெயிச்ச ராத்திரியை விட அதுதான் பிடிக்கும்.

சடங்குன்னா மேலிருந்து யாரோ விதிச்சதுன்னு நினைக்கிறீங்க. பெரும்பாலும் பசங்க தங்களுக்குத் தோணினப்ப ஆரம்பிச்சதுதான். 2001ல செப்டம்பர் 11 நடந்து, அதே மாசம் 22ஆம் தேதி ஓக்லஹோமா ஸ்டேட்டோட ஆட்டம். நடுவுல இருந்த நாட்கள்ல மாணவர்கள் சில பேர் சேர்ந்து டி-ஷர்ட் அடிச்சு வித்தாங்க, 70,000க்கு மேல. மேல் அடுக்கு முழுக்கச் சிவப்பு, நடு அடுக்கு வெள்ளை, கீழ் அடுக்கு நீலம். வந்த லாபம் நியூயார்க் நிவாரணத்துக்கு. பல்கலைக்கழகம் திட்டம் போட்டிருந்தா கமிட்டி கூடவே அத்தனை நாள் ஆகியிருக்கும்.

சந்தேகி | வெள்ளி, இரவு 10.20

மாணவர்களே நடத்தினதுன்னு பெருமையாச் சொல்றீங்க. அந்த பான்ஃபயரும் மாணவர்களே நடத்தினதுதானே?

நெல்லைப்பயல் | வெள்ளி, இரவு 10.31

அது என்னண்ணே? கேம்பஸ் ஓரத்துல வட்டமா கல் வளைவு வெச்ச நினைவிடம் ஒண்ணைப் பாத்தேன், அதுவா?

பிரசோஸ்வாசி | வெள்ளி, இரவு 11.55

அதேதான். கேள்வி நியாயமானது, சந்தேகி. முழுசாச் சொல்றேன்.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தோட ஆட்டத்துக்கு முன்னாடி பெரிய விறகுக் கோபுரம் கட்டிக் கொளுத்துறது 1900களோட ஆரம்பத்துலேருந்து பழக்கம். முதல்ல குப்பைக்கூளம், பழைய மரம். அப்புறம் காட்டுக்குள்ள போய்ப் பசங்களே மரம் வெட்டி, கல்யாண கேக் மாதிரி அடுக்கு மேல அடுக்கா நிறுத்துற அளவுக்கு வளர்ந்துச்சு. 1969ல 109 அடிக்கு மேல போனதால அப்புறம் உயரத்துக்கு வரம்பு வெச்சாங்க. கென்னடி சுடப்பட்ட 1963ல மட்டும் அடுக்கினதைப் பிரிச்சுட்டாங்க, கொளுத்தலை.

1999 நவம்பர் 18, விடியக்காலை 2.42. ஆயிரக்கணக்கான மரத்தண்டு அடுக்கின கோபுரம், மேலே பசங்க வேலை பாத்துட்டு இருக்கும்போதே சரிஞ்சுது. 12 பேர் செத்தாங்க, 27 பேருக்குக் காயம். நான் அப்ப இங்கதான் பிஎச்.டி. பண்ணிட்டு இருந்தேன். அன்னிக்கு முழுக்க ஃபுட்பால் வீரர்களும் கேடட்களும் கையாலேயே மரத்தைத் தூக்கி நகர்த்தினாங்க. கிரேனை வெச்சு இழுத்தா மிச்சமும் சரியும், உள்ள உயிரோட ஆள் இருக்கலாம்னு பயம்.

நீ சிவில் படிக்கிறதால சொல்றேன், விசாரணை அறிக்கையைத் தேடிப் படி. ரெண்டாவது அடுக்கு மரங்களை முதல் அடுக்குக்குள்ள ஆப்பு மாதிரி இறுக்கிச் செருகியிருந்தாங்க. அதனால உள்ளேயிருந்து வெளியே தள்ளுற விசை ஏறிக்கிட்டே போச்சு. அதைத் தாங்குற கட்டு பலமா இல்லை. முந்தின வருஷங்கள்ல முதல் அடுக்கைச் சுத்திப் போட்ட இரும்புக் கேபிள் அந்த வருஷம் போடலை. எல்லாத்துக்கும் மேல, பல மாடி உயரக் கட்டுமானத்துக்கு ஒரு எஞ்சினியர் போட்ட டிசைன் கிடையாது. சீனியர் சொல்லி ஜூனியர் கத்துக்கிட்டு, அவன் அடுத்தவனுக்குச் சொன்னதுதான். கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டே வந்ததை யாரும் நிறுத்தி அளந்து பாக்கலை. எஞ்சினியரிங்குக்குப் பேர் போன கேம்பஸ்ல.

கோவைமீனா | சனி, காலை 6.50

ராத்திரி இதைப் படிச்சுப்போட்டுத் தூங்கலை. எங்க பொண்ணு வயசுப் பிள்ளைங்க. அந்த வளைவு ஒவ்வொண்ணும் செத்த பிள்ளையோட ஊர் இருக்கற திசையைப் பாத்து வெச்சிருக்காங்க. 12 வளைவு. நான் நேர்ல போய் நின்னிருக்கேன். 2011க்கு அப்புறம் நின்னு போயிருந்த டெக்சஸோட ஆட்டம் 2024ல திரும்ப வந்தப்ப, பான்ஃபயரையும் கேம்பஸுக்குக் கொண்டு வரலாம்னு பேச்சு எழுந்துச்சு. வேண்டாம்னு பல்கலைக்கழகத் தலைவர் முடிவு பண்ணினாரு. அந்த மனுசனுக்கு ஒரு கும்பிடு.

மதுரைமல்லி | சனி, காலை 8.20

அக்கா, கேம்பஸுக்கு வெளியே மாணவர்கள் தனியா இன்னும் நடத்துறாங்க. பல்கலைக்கழகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அடுக்கு மேல அடுக்கு இல்லாம ஒவ்வொரு மரமும் தரையில ஊனி நிக்கிற மாதிரி மாத்திட்டாங்க. என் ரூம்மேட் போய் மரம் வெட்டிட்டு வருவா, கையெல்லாம் காப்பு காய்ச்சிருக்கும். அவ சொல்றது என்னன்னா, அந்த ஒரு வேலையிலதான் யார் பணக்காரன், யாருக்கு என்ன மார்க்குன்னு யாரும் கேக்கலையாம். நான் போக மாட்டேன். ஆனா அவளை முட்டாள்னும் சொல்ல மாட்டேன்.

சந்தேகி | சனி, காலை 9.05

கேபிள் போடலைன்னா யாரோ ஒருத்தர் "போன வருஷம் போட்டோமே"ன்னு கேட்டிருக்கணும். கேக்கலை, ஏன்னா சீனியரைக் கேள்வி கேக்கிற பழக்கம் அங்க இல்லை. என் சண்டை அதோடதான். முத்தம், நாய், யெல் எதுலயும் எனக்குப் பிரச்சினை இல்லை.

ஆஸ்டின்பக்கம் | சனி, காலை 9.40

கிண்டலை ஒதுக்கிட்டு ஒண்ணு சொல்றேன். அந்த வருஷம் எங்க பக்கம், ஏ அண்ட் எம்முக்குச் செய்வினை வைக்கிற மாதிரி சிவப்பு மெழுகுவர்த்தி ஏத்துற ஹெக்ஸ் ராலியை விட்டுட்டு அஞ்சலிக் கூட்டமா நடத்தினாங்க. ஆட்டத்தன்னிக்கு எங்க லாங்ஹார்ன் பேண்டு கைல் ஃபீல்ட்ல அஞ்சலி வாசிச்சு, தொப்பியைக் கழட்டிட்டு நடந்து வெளியேறினாங்க. கைல் ஃபீல்டே எழுந்து நின்னு கை தட்டுச்சு. ஏ அண்ட் எம் 20-16ல ஜெயிச்சது. அந்த ஒரு தோல்விக்கு எங்க ஊர்ல யாரும் வாய் திறக்கிறதில்லை.

மத்தபடி 2011ல எங்க ஜஸ்டின் டக்கர் கடைசி நொடியில உதைச்சு 27-25, திரும்ப ஆட ஆரம்பிச்ச 2024ல உங்க மைதானத்துலயே 17-7. குறிச்சு வெச்சுக்கோங்க.

மட்டுறுத்துநர் | சனி, காலை 9.55

இழை நல்லாப் போகுது, இப்படியே போகட்டும். டிக்கெட் விற்பனைப் பதிவுகளை நீக்கியிருக்கேன், அதுக்குத் தனிப் பகுதி இருக்கு.

பிரசோஸ்வாசி | சனி, காலை 11.30

2011 எனக்கு மறக்கும்னு நினைச்சீங்களா சார்.

நெல்லைத் தம்பிக்குச் சில உபயோகமான விஷயம். பை கொண்டு போனா உள்ளே இருக்கிறது தெரியுற பிளாஸ்டிக் பையா இருக்கணும். அம்மா தோள்ல மாட்டுற கைப்பையோட வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான், கார் நிக்கிற இடம் ஒரு மைல் தள்ளி இருக்கும். பகல் ஆட்டமா இருந்தா தொப்பி கட்டாயம். காலையிலேயே ஆகி பார்க் பக்கம் ஒரு சுத்து கூட்டிட்டுப் போ. கூடாரம் போட்டு பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) சுட்டுக்கிட்டு இருப்பாங்க, தெரியாதவங்களே கூப்பிட்டுத் தட்டை நீட்டுவாங்க. அப்பா அம்மா சைவம்னா மறக்காமச் சொல்லிடு, பீன்ஸ்லயே பன்றி இறைச்சி கிடக்கும்.

ஒண்ணை மட்டும் தவற விடாதே. வார் ஹிம்ன்னு ஏ அண்ட் எம்மோட பாட்டு வர்றப்ப, ஒரு கட்டத்துல எல்லாரும் பக்கத்துல இருக்கிறவங்க தோள்ல கை போட்டு இடமும் வலமுமா ஆடுவாங்க. ஒரு வரிசை இடதுன்னா அடுத்த வரிசை வலது. எதிரி டெக்சஸோட சின்னமான காளையோட கொம்பை ரம்பத்தால அறுக்கிறாங்களாம். ஆஸ்டின் சார் மன்னிக்கணும். முதல் உலகப்போர் முடிஞ்சு ஜெர்மனியில ரைன் நதிக்கரையில காவலுக்கு நின்ன பழைய மாணவர் ஒருத்தர் எழுதின பாட்டு அது. மேல் அடுக்குல இருந்தீங்கன்னா காலுக்குக் கீழே கான்கிரீட் அசையுறது தெரியும். முன்கூட்டியே சொல்லிடு, இல்லேன்னா நிலநடுக்கம்னு நினைச்சுப்பார்.

நெல்லைப்பயல் | சனி, மதியம் 1.15

எல்லாருக்கும் பெரிய நன்றி. முடிவு இதுதான்: வெள்ளி ராத்திரி மிட்நைட் யெல்லுக்கு நான் மட்டும் போறேன். சனிக்கிழமை குவாடுல மடக்கு நாற்காலி, அணிவகுப்பு, கில் சிலை, ரெவலி கல்லறை. மேற்குப் பக்கம் மூணு டிக்கெட் கிடைச்சா உள்ளே, இல்லேன்னா ஆகி பார்க்ல நின்னு வேடிக்கை. அப்பாகிட்ட போன்ல கில் கதையைச் சொன்னேன். "கடைசி வரைக்கும் இறக்கவே இல்லையா? கோச்சு சரியில்லடே"ங்காரு.

மதுரைமல்லி | சனி, மதியம் 1.22

😂 அப்பாவை யெல் லீடர் எலக்ஷன்ல நிறுத்துங்கப்பா.

ஆஸ்டின்பக்கம் | சனி, மதியம் 1.40

அடுத்து டெக்சஸ் ஆட்டம் உங்க ஊர்ல வர்றப்ப எனக்கும் ஒரு சீட்டு பாருங்க. மேற்குப் பக்கம்னாலும் சரி.

பிரசோஸ்வாசி | சனி, மதியம் 1.52

பாத்துடலாம். சட்டை மட்டும் எங்க மரூன் கலர்.

ஆஸ்டின்பக்கம் | சனி, மதியம் 1.53

அப்ப டிவியிலயே பாத்துக்கிறேன்.